கன்னத்துப் புண்ணும் மறைந்து நின்ற வேரும்

என் வலது கன்னத்தில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. மேலே இருப்பது அம்மனுக்கு அலகு குத்திய இடம். வெயிலில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஒரு விரற்கடை கீழே, தாடை எலும்பின் ஓரமாக, உள்ளே குழிந்துபோய் ஒன்று இருக்கிறது. அந்தக் கீழ்த் தழும்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். மலாக்காவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. எண்களை எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

என் மகள் சரசுவுக்கு மூன்று வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு விட முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துப் போனாள். அன்றைக்கு, இவளைக் கொடுத்துவிடு தாயே, மூன்று வருஷம் உனக்கு அலகு குத்தி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தாள். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட தமிழ் வழியினரான சிட்டி மக்களின் அம்மன் கோயில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் மலாய் பேசுவார்கள், தமிழ் வராது. ஆனால் அம்மனுக்குச் செய்வதில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அந்தக் கோயில் திருவிழாவில்தான் இரண்டு வருஷம் அலகு குத்தினேன். இரண்டு கன்னத்தையும் துளைத்துப் போகிற சிறிய வேல். இரண்டு முறையும் துளை நாலைந்து நாளில் மூடிக்கொண்டது.

இரண்டாம் வருஷத் திருவிழா முடிந்து இரண்டு மாதம் இருக்கும். வலது தாடை ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி எழும்பியது. வலி என்று பெரிதாக இல்லை. ஒரு வாரத்தில் உடைந்து சீழ் வந்தது. சீழ் வந்துவிட்டால் ஆறிவிடும் என்று இருந்தோம். பொருக்குக் கட்டும், பத்து நாளில் மறுபடியும் உடையும். நகரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். இது என்ன புண் என்று கேட்டார்கள். அலகு குத்திய புண், ஆறவில்லை என்று நானே சொன்னேன். டாக்டர் நான் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு யார் அந்த அட்டையைப் பார்த்தாலும் அது அலகுப் புண்தான். மருந்து வைத்துக் கட்டினார்கள், ஊசி போட்டார்கள். கன்னத்தில் கட்டோடு நான் மீட்டர் பார்க்கப் போனேன்.

என் மனைவி அஞ்சலை ஒருத்திதான் முதல் நாளே வேறு மாதிரி சொன்னாள். இரண்டு வருஷமும் அலகை உருவியதும் விபூதி வைத்து அழுத்தியவள் அவள்.

"அலகு எறங்குன எடம் மேலயில்ல இருக்கு. இது கீழ வந்திருக்குங்க. எடது பக்கம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

தோலுக்குள் சீழ் இறங்கியிருக்கும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

இனி வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் எழுதியே பயனில்லை.

தனபாக்கியம் அக்கா என் கூடப் பிறந்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கினாள். கணவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். விரத நாட்களில் அவளும் அஞ்சலையும் சேர்ந்துதான் எனக்குச் சமைப்பார்கள். அந்த இரண்டாம் வருஷ விரதத்தில் எட்டாம் நாள், தன் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா புக்கிட் ரம்பாய்க்குப் போயிருந்தாள். அன்று விடியும்போது அஞ்சலை வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள், கணக்குக்கு இரண்டு நாள் முன்னதாகவே. எனக்கோ ஒரு வேளைதான் சாப்பாடு. சமைக்க வேறு ஆள் இல்லை. அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கஞ்சி காய்ச்சி, கதவு ஓரத்தில் வைத்துவிட்டு விலகிப் போனாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொல்லி அழுதாள். அம்மனுக்குத் தெரியாததா, விடு என்றேன். அன்று அதை மனசாரத்தான் சொன்னேன்.

புண் நான்காம் மாதத்தைத் தொட்டபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் அக்கா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே, விரதத்தில் ஏதாவது குறை வந்ததா தம்பி என்று கேட்டாள். நான் கஞ்சி விஷயத்தைச் சொன்னேன். சொன்ன மறு நிமிடம் எனக்குப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. அந்தப் பாரம் எங்கே போய் இறங்கியது என்று பார்க்கவில்லை.

அக்கா அஞ்சலையை ஏசவில்லை. அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. என் கன்னத்தைப் பற்றி யார் விசாரித்தாலும் காரணத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் எங்கள் கம்பம், அந்தச் சின்ன ஊர், முழுக்கப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூக் கட்டக் கூப்பிடுகிறவர்கள் அஞ்சலையைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவளும் வீட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் போவதை நிறுத்திவிட்டாள். அக்கா வந்து விளக்கேற்றிவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் அஞ்சலை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். துவைக்கத் துணி இல்லாத நாளிலும் அங்கேதான் இருப்பாள். இவள் இனி இந்த வீட்டில் விளக்கேற்றுவாளா என்ற கவலை, புண் ஆறுமா என்ற கவலையைவிடப் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. குற்றம் அவளுடையதுதான் என்று எனக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் வாய் சரியாகத் திறக்காமல் போனது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். காய்ச்சலும் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் கிளாஸ் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். பத்தொன்பது நாள் இருந்தேன்.

அந்த நாட்களை என்னவென்று சொல்வது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி, இடுப்பில் இரண்டு பக்கமும் மாறி மாறி. மூன்றாம் நாளுக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியவில்லை. சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துப் போனார்கள். காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஒருநாள் புண்ணின் ஓரத்தில் மிளகளவு சதையை வெட்டிக் குழாயில் போட்டார்கள். புற்றா இல்லையா என்று வெளியூரில் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் நான் பஞ்சாட்சரம் சொன்னதைவிடச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். பக்தி உள்ளவன் என்று பெயர் எடுத்தவன், உண்மையைச் சொல்கிறேன்.

அஞ்சலை தினமும் இரண்டு வேளை வந்தாள். வாய் திறக்காதவனுக்கு என்ன கொடுப்பது? கஞ்சியைத் துணியில் வடிகட்டி, போத்தலில் ஊற்றி, போத்தலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அது ஆறியே இருக்காது. என் கைக்குட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் அவித்துக் காயவைத்து மறுநாள் கொண்டுவருவாள். அக்கா கோயில் விபூதி கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். தலையணையைச் சரிசெய்யும்போது அஞ்சலை அந்தப் பொட்டலத்தைத் தொடாமல், ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குவாள். நான் அதைப் பார்ப்பேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்ப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் கம்பத்துச் சிட்டிக்காரர் நடராஜா பிள்ளை படுத்திருந்தார். இனிப்பு நீர் வியாதியால் காலில் புண். அவர் கோயில் காரியங்களில் முன் நிற்கிறவர், எனக்கு அலகு குத்தும்போது பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்தவர். என் கட்டை அவிழ்த்து மருந்து வைப்பதை மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் தன் பேச்சில் சொன்னார்: "அடேக், இத்து கீகி லா. புக்கான் டேவா." தம்பி, அது பல், சாமி இல்லை என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லில் எனக்கு வலியே இல்லை என்றேன். அவர் சிரித்தார். செத்த பல்லுக்கு எப்படி வலிக்கும் என்று கேட்டார். அவருடைய தங்கைக்கு மோவாயில் இப்படியே ஓட்டை விழுந்து இரண்டு வருஷம் ஒழுகியதாம், ஒரு பல்லைப் பிடுங்கியதும் நின்றுவிட்டதாம். அந்தப் பிள்ளை எந்த விரதமும் இருக்கவில்லை, காலையில் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், சாயங்காலம் குவே பலகாரம், அதுதான் அவள் விரதம் என்றார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. காசநோய் இல்லை, புற்று இல்லை. தாயே என்று கும்பிட்டேன். ஆனால் புண் எதனால் என்று வார்டு டாக்டருக்கும் தெரியவில்லை. நான் தயங்கித் தயங்கி நடராஜா பிள்ளை சொன்னதைச் சொன்னேன். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு விரலை வாய்க்குள் விட்டு, மற்றொரு விரலை வெளியே வைத்துக் கன்னத்தை உருட்டிப் பார்த்தார். புண்ணிலிருந்து எலும்பு வரைக்கும் கயிறு மாதிரி ஒன்று ஓடுகிறது என்றார். அன்றே பல் பகுதிக்குச் சீட்டு எழுதினார்.

பல் பகுதியில் இருந்தவர் மிஸ் லிம். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுப் பெண். முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டர் சீமைக்குத் திரும்பிய பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். மலாயில் பேசினார். எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

அவர் ஒவ்வொரு பல்லிலும் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தார். எல்லாப் பல்லும் கூசியது. வலது பக்கம் கீழே, பெரிய கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் சும்மா இருந்தது. பல வருஷத்துக்கு முன்பு ஒரு பல் கடையில் ஓட்டை அடைத்த பல் அது. உள்ளே இருக்கும் நரம்பு எப்போதோ செத்து அழுகிவிட்டது, அந்த அழுகல் எலும்பைத் தின்று வழி தேடிக் கன்னத்தில் வாசல் வைத்துக்கொண்டது என்றார். அதை உறுதி செய்ய, மெல்லிய வளையும் குச்சி ஒன்றைப் புண்ணின் துளைக்குள் செலுத்திப் படம் எடுத்தார். அந்தக் குச்சி நம் காட்டு மரத்துப் பாலில் செய்தது, கெத்தா பெர்ச்சா என்று சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். இன்னொரு மரத்துப் பால் என் கன்னத்துக்குள் போகும் என்று நினைத்ததில்லை. படத்தில் அந்தக் குச்சி நேராகப் போய்ப் பல்லின் பின் வேர் நுனியில் நின்றது.

எனக்கு அப்போதே எழுந்து ஓடிப்போய் அஞ்சலையிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் சொல்லவில்லை. முதலில் புண் ஆறட்டும் என்று இருந்தேன். ஒரு தடவை அவசரப்பட்டுச் சொல்லி வந்த வினை போதாதா?

மிஸ் லிம் பல்லின் மேல் துளையிட்டு, தலைமுடி மாதிரி மெல்லிய அரங்களால் வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்தார். பல் வேர் என்பது உள்ளே குழாய் உள்ள குச்சி. அந்தக் குழாயில்தான் நரம்பு இருக்கும். என் பல்லின் முன் வேரில் இரண்டு குழாய், பின் வேரில் ஒன்று. மூன்றையும் சுத்தம் செய்து மருந்து வைத்து மூடினார். வாய் திறக்காதவன் ஒரு மணி நேரம் திறந்து வைத்திருந்தால் எப்படி இருக்கும்? தாடை கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் விட்டது, வாயும் திறந்தது. ஆனால் மூன்று வாரம் கழித்துப் பொருக்கு உடைந்து மறுபடியும் சீழ் வந்தது.

அக்கா அந்தக் கட்டைப் பார்த்தாள். பல்லைச் செஞ்சும் ஆறலையே தம்பி என்றாள். அஞ்சலை அடுப்படியில் இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

நான் அலுத்துப் போயிருந்தேன். திரும்பப் போய், பிடுங்கிவிடுங்கள், போதும் என்றேன். மிஸ் லிம் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடு நேரம் பார்த்தார். பின் வேரின் ஓரத்தில் கோடு இரண்டாகத் தெரிவதைக் காட்டினார். ஒரு வேருக்கு ஒரு ஓரம்தான் இருக்க வேண்டும். இங்கே இன்னொரு வேர் பின்னால் மறைந்து நிற்கலாம் என்று சந்தேகம். அப்படி இருந்தால் அது வளைந்திருக்கும், தெரியாமல் பிடுங்கினால் முறிந்து எலும்புக்குள்ளேயே நின்றுவிடும், அப்புறம் புண் ஆறவே ஆறாது என்றார்.

படம் என்பது தட்டையானது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிடும். இதை அவர் எனக்குப் புரியவைத்த விதம் நன்றாக இருந்தது. நீங்கள் தெருத் தெருவாக நடக்கிறவர்தானே, ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு விளக்குக் கம்பங்களை நேராக நின்று பார்த்தால் எத்தனை தெரியும் என்று கேட்டார். ஒன்று என்றேன். இரண்டு அடி தள்ளி நின்றால் என்றார். இரண்டு என்றேன். அதைத்தான் செய்யப்போகிறேன் என்றார்.

என் விரலால் சின்னப் படத் தகட்டை வாய்க்குள் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தலையைப் பட்டையால் கட்டினார்கள், அசையக் கூடாது என்று. நேரே வைத்து ஒரு படம். குழாயைக் கொஞ்சம் நகர்த்தி, சாய்வாக இன்னொரு படம். இரண்டையும் கழுவிக் காயவைக்கும் வரை வெளிப் பெஞ்சில் காத்திருந்தேன். அன்று அஞ்சலையும் கூட வந்திருந்தாள்.

அந்த அறையில் வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போன ஒரு கருவி இருந்தது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு கண்ணாடி வில்லை. திருவிழாக் கடைகளில் ஊர்ப் படம் காட்டுகிற பெட்டி மாதிரி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் செருகி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். வலது கண் ஒரு படத்தைப் பார்க்கும், இடது கண் மற்றதை. இரண்டும் மனதில் ஒன்றாகச் சேரும்போது தட்டையாக இருந்தது கன பரிமாணத்தோடு எழுந்து நிற்கும். மிஸ் லிம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

முதலில் கலங்கலாக இரண்டு பல் மிதந்தது. கண்ணை அசைக்காமல் இருங்கள் என்றார். மெல்ல இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டன. ஒட்டியதும் அந்தப் பல் காற்றில் நின்றது. முன் வேர், பின் வேர். பின் வேருக்கும் அப்பால், நாக்குப் பக்கமாக, சின்னதாய் வளைந்து இன்னொரு வேர். அதன் நுனியில் கடுகளவு கருப்பு நிழல். அங்கேதான் எலும்பு கரைந்திருக்கிறது என்றார். அது தனியாக நின்றது. இவ்வளவு நாளும் அங்கேயே நின்றிருக்கிறது.

நான் எழுந்து, அஞ்சலையைப் பார்க்கச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். தலையை எடுக்காமலே கேட்டாள்.

"இந்த வேரு எப்ப வந்துச்சு?"

நான் மலாயில் கேட்டேன். சின்ன வயதில் பல் முளைக்கும்போதே வந்தது, சிலருக்கு மட்டும் இப்படி மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்றார் மிஸ் லிம். அழுகல்? அது பல வருஷமாக இருக்கும், ஓட்டை அடைத்த காலத்திலிருந்தே இருக்கலாம் என்றார். அதை அஞ்சலைக்குச் சொன்னேன்.

"அப்ப அந்தக் கஞ்சிக்கு முன்னாலயே இருந்திருக்கு" என்றாள்.

"ஆமா."

அவள் கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். "உங்க அக்காவைக் கூட்டியாங்க. அவங்களும் பாக்கட்டும்" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மிஸ் லிம் அந்த மறைந்த வேரின் குழாயைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தார். படத்தில் பார்த்த பிறகு எந்த மூலையில் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே அக்காவையும் அழைத்துப் போனேன். அக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். மிஸ் லிம் பொறுமையாக விளக்கைப் போட்டுக் கொடுத்தார். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள்.

"ஒரு பல்லு தெரியுது தம்பி. ரெண்டு வேரு. அவ்வளவுதான்" என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க என்றேன். பார்த்தாள். அதே பதில்தான். மிஸ் லிம் ஏதோ தோன்றி, அக்காவின் இடது கண்ணைக் கையால் மறைத்தார். எத்தனை விரல் என்று கேட்டார். அக்காவால் சொல்ல முடியவில்லை. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. எங்களுக்கும் தெரியாது, அவளும் சொன்னதில்லை. இரண்டு கண்ணும் பார்த்தால்தான் அந்த வேர் எழுந்து நிற்கும், ஒரு கண்ணுக்கு அது வெறும் படம் என்றார் மிஸ் லிம். கண் பகுதிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அஞ்சலை பின் இருக்கையில். காஜா பேராங் திரும்பும் இடத்தில்தான் அக்கா பேசினாள்.

"எனக்குத் தெரியல. நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"அப்ப நீ சொன்னா நம்புறேன். அன்னிக்கும் நீ சொன்னதைத்தானே நம்பினேன்."

ஆஸ்பத்திரியில் எத்தனை ஊசி குத்தினார்கள். இது மாதிரி ஒன்று குத்தவில்லை. கிளினிக் அட்டையில் அலகுப் புண் என்று எழுத வைத்தது யார்? நான். அக்காவின் காதில் கஞ்சியைப் போட்டது யார்? நான். எல்லாரும் நான் சொன்னதை நம்பியவர்கள்தான். அந்த பஸ்ஸிலேயே, பின் இருக்கைக்குக் கேட்கும்படி சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா. அஞ்சலை மேல ஒரு குத்தமும் இல்ல. அம்மன் மேலயும் பழி போட்டுட்டேன்."

அக்கா தலையாட்டினாள். இறங்கும்போது அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படி தெரியவில்லை என்றாள். வீட்டு வாசல் வரைக்கும் கையை விடவில்லை.

அன்று சாயங்காலம் அஞ்சலையிடம், விளக்கேற்று என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "உங்க அக்கா நம்பிட்டாங்க. கம்பத்துல மத்தவங்களுக்கு யார் சொல்வா?"

நான் மறுநாள் மீட்டர்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மிஸ் லிம்மிடம் கேட்டு வாங்கிய இரண்டு படத் தகடுகளும் சட்டைப் பையில் இருந்தன. மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வேன். பிறகு வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, என் கன்னப் புண்ணுக்குக் காரணம் பல், என் மனைவி இல்லை என்று சொல்வேன். சிலர் தகடுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், தலைகீழாகவும் பிடித்தார்கள். பல்லுக்கும் கன்னத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். இன்னொரு வீட்டில் பெரியவர் வாயைத் திறந்து, அப்படியே என்னுதையும் பாத்துச் சொல்லு என்றார். நடராஜா பிள்ளை கட்டுப் போட்ட காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிட்டி வீடுகளுக்கெல்லாம் என்னோடு வந்தார். நான் நாலு வாக்கியத்தில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்பதையும் எல்லா வீட்டிலும் சேர்த்துச் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஏழு நாள் ஆயிற்று. மேலதிகாரி, இந்த மாதம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். சொன்னேன். அவரும் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

இதற்கிடையில் புண் காய்ந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். உடையவில்லை. மிஸ் லிம் வேர்க் குழாய்களை நிரந்தரமாக அடைத்தார், அந்த மரத்துப் பாலை வைத்துத்தான். இனி அந்தக் கன்னத்தில் எதையும் குத்த வேண்டாம் என்றார். கோயிலில் சொல்லி, மூன்றாம் வருஷ நேர்த்திக்கடனை அலகுக்குப் பதில் பால்குடமாக மாற்றிக்கொண்டேன். விரதம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, பூக் கட்ட ஆள் குறைகிறது என்று அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே போகவில்லை. உள்ளே போய் மாடத்தில் விளக்கேற்றினாள். கும்பிட்டாள். அதன் பிறகுதான் போனாள்.

கஞ்சியால் வந்த புண் என்ற கதையைக் கேட்ட வீடுகள் சில இப்போது எங்கள் கம்பத்தில் இல்லை. சிலர் புக்கிட் பாருவுக்குப் போய்விட்டார்கள், சிலர் குருபோங்குக்கு. அங்கெல்லாம் என் மீட்டர்ப் புத்தகம் போகாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். கன்னத்திலோ மோவாயிலோ ஆறாத புண் இருந்தால் பல்லையும் காட்டுங்கள். ஒரு படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கொஞ்சம் தள்ளி நின்று இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள்.

எழுதியதை நேற்று அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். சரியா இருக்கா என்றேன்.

"நான் தூரமானேன்னு எழுதியிருக்கீங்க, அழுதேன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நீங்க பசியோட இருந்தீங்க. அதனாலதான் வெச்சேன். அதையும் எழுதுங்க."

அன்று நான் பசியோடு இருந்தேன். அதனால் அவள் கஞ்சி வைத்தாள்.